கூரையுள்ள வரப்பு

இசக்கிராஜா அந்த நிலத்தை மே மாதத்தில் பார்த்தான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சங்கரன்கோவில் பக்கத்து ஆள் அவன். அந்தப் பக்கத்தில் நிலம் வெடித்துக் கிடந்தால் அது நிலம். ஜூன் மாதத்தில் அது எங்கே இருக்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை. பிழைக்க வந்த மலையாள நாட்டில், கும்பளங்கிக்கு அப்பால், காயல் என்கிற உப்பங்கழியை ஒட்டி, முப்பது சென்ட் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தரகர்கூட இரண்டு தடவை சொன்னார்: "சேட்டன் மழைக்காலத்துல வந்து ஒருக்கா பாருங்க." விலையை ஏற்றத்தான் இழுத்தடிக்கிறார் என்று நினைத்து இசக்கிராஜா அந்த வாரமே பத்திரம் முடித்துவிட்டான்.

மழை பிடித்தபின் மனைவி செல்வலட்சுமியை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினான். சாலையோரம் நின்று பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஒருவன் சின்ன வள்ளத்தில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான்.

"எங்க இருக்கு?" என்றாள்.

"அந்த ஆள் வலை வீசுறார்ல, அங்கதான் அடுக்களை வருது."

செல்வலட்சுமி கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லது. மீன் வாங்க வெளிய போக வேண்டாம்" என்றாள்.

அவர்களுக்கு வீடு அவசரமாக வேண்டியிருந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் தோசை மாவு அரைத்து விற்கும் கடை அவர்களுடையது. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் குடித்தனம். கட்டடத்தின் சொந்தக்காரர் முகமது இஸ்மாயில் அதை வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கும் இடமாக மாற்றப்போகிறார். இரண்டு வருஷம் தவணை கொடுத்திருந்தார். தவணை முடியும் டிசம்பரில், புதுவருஷக் கார்னிவல் கூட்டம் வருவதற்குள், காலி செய்யவேண்டும்.

"ஒண்ணும் மாத்தப்போறதில்ல இசக்கி," என்று அவர் ஆறுதல் சொன்னார். "அழுக்குச் சுவரு அப்படியே இருக்கும். உளுத்த கதவு அப்படியே இருக்கும். டூரிஸ்ட்காரன் அதைப் பார்க்கத்தான் வர்றான். ஆளுங்க மட்டும் மாறணும்."

நிலத்தில் கொஞ்சம் மண்ணடித்து இரண்டு அறை எழுப்பிக்கொள்ளலாம் என்று இசக்கிராஜா அனுமதி கேட்கப் போனான். அது பாதுகாக்கப்பட்ட வயல், அதில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது என்றார்கள். யார் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டான். காக்கநாட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

காக்கநாட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வயல் சம்ரக்ஷண மிஷன் என்ற வயல் பாதுகாப்பு அலுவலகம் இயங்கிவந்தது. இயக்குநர் உட்பட பதினோரு பேர். இசக்கிராஜா உள்ளே போய், "எனக்கு ஒரு வயல் இருக்கு சார்" என்றதும் பத்துப்பேர் எழுந்து நின்றார்கள். இயக்குநர் அன்றைக்கு வெளியூரில் இருந்தார். அவனை உட்காரவைத்து சாயாவும் பழம்பொரியும் வரவழைத்துக் கொடுத்தார்கள். ஒரு பெண் ஊழியர் தன் செல்போனில் அவனைப் படம் எடுத்துக்கொண்டார். வயல் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் படியேறி வந்து வெகுகாலமாகிவிட்டதாம்.

கள அதிகாரி ஹரிஷங்கர் திருப்பூணித்துறைக்காரர். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். இசக்கிராஜாவுக்குப் பாதி உயிர் வந்தது.

"நீங்கோ ஒண்ணும் பேடிக்க வேண்டாம்," என்றார் ஹரிஷங்கர். "ஒரே ஒரு போகம் நெல்லு விளைவிச்சு, அறுவடை முடிச்சுக் காட்டுங்கோ. நாலு சென்ட்ல வீடு கட்டிக்கலாம்னு மிஷனே சிபாரிசு பண்ணும். விவசாயி வயல்கிட்டயே வீடு வச்சுத் தாமசிக்கணும். அதாக்கும் எங்க பாலிசி."

"அறுத்துட்டா வீடு உண்டுல்ல சார்?"

"அறுவடை ஆனா வீடு ஆச்சு. எழுதி வச்சுக்கோங்கோ."

இசக்கிராஜா எழுதி வைத்துக்கொண்டான். ஹரிஷங்கர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

உப்புத் தண்ணீரிலும் விளைகிற பொக்காளி நெல்தான் அங்கே போடமுடியும். மழைக்காலத்தில் நெல், மழை முடிந்ததும் மடையைத் திறந்து உப்புத் தண்ணீரை விட்டு இறால். அதுதான் அங்கத்து முறை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் நெல்லைக் கைவிட்டு வருஷம் முழுக்க இறாலே விட்டுக்கொண்டிருந்தார்கள். நெல் போடுவது அறிவுள்ளவர்கள் செய்கிற வேலை இல்லை என்பது இசக்கிராஜாவுக்குத் தெரியாது. அடுத்த மே மாதம் வயல் வேலைக்குப் போகும் ரோஸியைக் கூப்பிட்டு மண்மேடு கூட்டி, முளைகட்டிய விதையை விதைத்துவிட்டான்.

"உங்க ஆளுக்குத் தலைக்கு வட்டா, கிறுக்கா?" என்று ரோஸி செல்வலட்சுமியிடம் கேட்டாள்.

"வீட்டுக்காக சேச்சி."

"வீடு வேணும்னா செங்கல்லு அல்லே வைக்கணும்? நெல்லு வச்சா வீடு முளைக்குமோ?"

நாற்று முளைத்தது. மிஷனும் முளைத்தது.

மாவட்டத்திலேயே அவர்கள் கணக்கில் இருந்த ஒரே வயல் இதுதான் என்பது அப்போதுதான் தெரியவந்தது. முதலில் விதைப்பு உத்சவம் என்று ஒன்று நடத்தினார்கள். விதை ஏற்கெனவே முளைத்திருந்ததால், நிகழ்ச்சி முடியும்வரை நாற்றின்மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிவைத்தார்கள். பிறகு நாற்றைப் பிரித்து நடும் உத்சவம். பிறகு களை உத்சவம். அன்றைக்குக் களை போதவில்லை என்று ஹரிஷங்கர் முகம் சுளித்தார். ஒவ்வொரு உத்சவத்துக்கும் குத்துவிளக்கு, செண்டை மேளம், மேடை. மேடை போட்ட இடத்தில் நாற்று செத்தது. செத்த நாற்றுக்கு இழப்பு உதவி உண்டு என்றார்கள். ஆனால் அது இயற்கைச் சீற்றத்தால் செத்திருக்கவேண்டும். உத்சவம் அதில் சேராது.

ஆகஸ்ட் மாதம் ஜீப்பில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் வந்து இறங்கியது. இசக்கிராஜா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அதைப் பார்த்தான்.

"சார், இங்க தண்ணி கொஞ்சம் கூடுதலாவே இருக்கே."

"எனக்குத் தெரியறது," என்றார் ஹரிஷங்கர் பொறுமையாக. "பாதுகாக்கப்பட்ட வயல்னா சொட்டுநீர் கட்டாயம். தண்ணி இருக்கா இல்லையாங்கற கட்டமே ஸ்கீம் பாரத்துல இல்லை. வேண்டாம்னு சொன்னேள்னா, விவசாயி ஒத்துழைக்கலைன்னு எழுதணும். எனக்கே சங்கடம்."

வயல் நெடுக மூங்கில் நட்டு, தண்ணீருக்கு மேலே குழாயைக் கட்டினார்கள். காயலில் இருந்து மோட்டார் வைத்து இழுத்த தண்ணீர், குழாய் வழியாக வந்து, சொட்டுச் சொட்டாகக் காயல் தண்ணீரிலேயே விழுந்தது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதற்காக இசக்கிராஜாவுக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

மிஷனில் நெல் பிரிவு என்றும் பறவைப் பிரிவு என்றும் இரண்டு உண்டு. கதிர் வந்ததும் நீலக்கோழி என்கிற நீர்ப்பறவைகள் இறங்கித் தின்னத் தொடங்கின. நெல் பிரிவினர் காலையில் வந்து வலை கட்டினார்கள். வலையில் நீலக்கோழி சிக்குவதாகக் கேள்விப்பட்டுப் பறவைப் பிரிவினர் மத்தியானம் வந்து வலையை அறுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே ஜீப்தான், ஒரே டிரைவர்தான். டிரைவர் காலையில் கட்டுவதற்குக் கயிறு பிடித்தார், மத்தியானம் அறுப்பதற்குக் கத்தி எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் இசக்கிராஜா அவரிடம், "ஏன் அண்ணாச்சி, கட்டாமலே இருந்துட்டா அறுக்கிற வேலை மிச்சம்தானே?" என்று கேட்டான். "அப்ப வண்டி எதுக்குன்னு கேப்பாங்க" என்றார் டிரைவர்.

இத்தனைக்கும் நடுவே நெல் விளைந்தது. நெல்லுக்கு இதெல்லாம் தெரியாது.

கதிர் பழுத்துத் தலை சாய்ந்ததும் ரோஸி தன் கூட்டத்துப் பெண்களுடன் அரிவாளோடு வந்து நின்றாள். மிஷனின் இரண்டு காவலர்கள் வரப்பில் நின்று தடுத்தார்கள். அறுவடை உத்சவத்தில் இயக்குநர் கிருஷ்ணபிரசாத் முதல் கதிரை அறுத்துத் தொடங்கிவைக்கும்முன் வேறு யாரும் அரிவாள் வைக்கக்கூடாது. வைத்தால் அது அறுவடை ஆகாது.

"பின்ன அது எந்தா?" என்றாள் ரோஸி.

"அனுமதியில்லாம பயிரை அழிச்ச குற்றம்" என்றார் ஒரு காவலர்.

இசக்கிராஜா ஹரிஷங்கருக்குப் போன் செய்தான். இயக்குநர் டெல்லியில் இருந்தார். உரிய காலத்தில் அறுவடை செய்வதன் அவசியம் பற்றி அங்கே ஒரு கருத்தரங்கு. அது முடிந்து வந்ததும் தேதி கொடுப்பார். கொடுத்தார். அந்தத் தேதியில் மேளக்காரர்களுக்கு வேறு ஊரில் திருவிழா இருந்தது. அடுத்த தேதியில் இயக்குநருக்குச் சளி.

"தண்ணியில நிக்கணுமே," என்றார் ஹரிஷங்கர். "வயல்ல இறங்கினா அவருக்குச் சேராது. சின்ன வயசிலேர்ந்தே."

நெல் உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த மணி தண்ணீரில் ஊறி அங்கேயே முளைவிட்டது. ரோஸி இசக்கிராஜாவைத் தனியே கூப்பிட்டாள்.

"ராஜா சேட்டா, நான் ஒரு காரியம் சொல்லட்டே? காவல்காரங்க உண்ணப் போற நேரத்துல நாங்க இறங்கிக் கொய்திட்டுப் போறோம். பாதியாவது கையில கிட்டும். அடுத்த வாரம் எங்களுக்கு வேற வேல உண்டு. பின்ன வரமாட்டோம்."

இசக்கிராஜா செல்வலட்சுமியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஐந்து மாதம் பஸ்ஸில் போய்வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலில் சேற்றுப்புண் வாங்கி விளைவித்த நெல். அறுத்தால் நெல் உண்டு, வீடு இல்லை. விட்டால் நெல் இல்லை, வீடு உண்டு.

"விடுங்க சேச்சி," என்றான். "உத்சவம் நடக்கட்டும்."

ரோஸி அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டாள். "நெல்லு சாகுறதைப் பார்த்திருக்கேன். உத்சவத்துக்குக் காத்திருந்து சாகுறதை இப்பதான் பார்க்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருவழியாகத் தேதி உறுதியானபோது வயலில் வைக்கோல் மட்டும் நின்றது. உத்சவத்துக்கு முந்தின நாள் ஹரிஷங்கர் வந்து பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு யார் யாருக்கோ போன் செய்தார். சாயங்காலம் ஜீப் நிறைய நெற்கட்டு வந்தது. பாலக்காட்டில் யாரோ அறுத்த நெல்.

மிஷன் ஊழியர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அதைச் சேற்றில் நட்டார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாக வயலில் இறங்கியது. சிலர் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். ஆனால் பாலக்காட்டு நெல் குட்டை. நட்டதும் கதிரோடு தண்ணீருக்குள் மூழ்கிப்போனது. கடைசியில் சொட்டுநீர்க் குழாயில் கட்டித் தொங்கவிட்டார்கள். இசக்கிராஜாவும் கட்டினான். தான் விளைவிக்காத நெல், தன் வயல்; முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. "இறுக்கிக் கட்டுங்கோ," என்றார் ஹரிஷங்கர். "சார் இழுத்தா வந்துடப்படாது."

மறுநாள் இயக்குநர் கிருஷ்ணபிரசாத் வந்தார். அவர் தண்ணீரில் இறங்காமல் இருக்கப் பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். தங்கக் காகிதம் சுற்றிய அரிவாளால் ஒரு கதிரை அறுத்தார். கதிரோடு குழாயும் அறுபட்டுத் தண்ணீர் பீச்சி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் மேடையேறிப் பேசினார்.

"நம் மிஷன் தொடங்கியபோது இந்த மாவட்டத்தில் எண்ணற்ற வயல்கள் இருந்தன. நம்மிடம் ஊழியர்கள் இருந்ததோ மூன்று பேர். ஒரு வயலையாவது சரியாகக் கவனிக்க முடிந்ததா? இல்லை! ஆனால் நாம் சோர்ந்துவிடவில்லை. வருஷா வருஷம் வயல்கள் குறையக் குறைய, ஒவ்வொரு வயலுக்கும் நாம் கொடுக்கும் கவனம் கூடிக்கொண்டே வந்தது. இன்று ஒரே வயல், பதினோரு ஊழியர்கள். உலகத்தில் எந்த நாட்டிலாவது ஒரு வயலுக்குப் பதினோரு பேர் உண்டா? இந்தச் சாதனையோடு நாம் நின்றுவிடக்கூடாது. வயலே இல்லாத நிலையிலும் வயலைப் பாதுகாக்கும் திறமையை நாம் வளர்த்துக்கொள்ளவேண்டும்!"

செண்டை முழங்கியது. இசக்கிராஜாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் மைக்கைப் பிடித்தான். ஹரிஷங்கர் மொழிபெயர்ப்பதற்காகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு வீடு வேணும்" என்றான் இசக்கிராஜா.

வீடு என்றாலும் வேணும் என்றாலும் அங்கே கூடியிருந்த மலையாளிகள் அத்தனை பேருக்கும் புரியும். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் மொழிபெயர்க்கப்பட்டது.

"இந்த வயல்தான் என் வீடு, இதைவிட எனக்கு வேறென்ன வேணும் என்று கேட்கிறார்" என்றார் ஹரிஷங்கர் மலையாளத்தில். கூட்டம் கைதட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் புருஷனும் மனைவியும் காக்கநாட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. சாயாவும் வரவில்லை.

"அறுவடை முடிஞ்சது சார்," என்றான் இசக்கிராஜா. "அந்த நாலு சென்ட்..."

ஹரிஷங்கர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அதாக்கும் பிரச்னை. அறுவடை முடிஞ்சுடுத்தே! அது நெல்லு விளையற நிலம்னு இப்போ நிரூபணம் ஆயிடுத்து. சார் கையாலயே ஆயிடுத்து. விளையற நிலத்துல எப்படி வீடு கட்டறது?"

"விளையாம இருந்திருந்தா?"

"போகம் விளைவிச்சுக் காட்டறேன்னு ஏத்துண்டு விளைவிக்கலைன்னா நீங்கோ தகுதியில்லாத பயனாளி. தகுதியில்லாதவாளுக்கு எப்படி சிபாரிசு பண்றது?"

செல்வலட்சுமி மேஜையில் கையூன்றி நின்றாள். "அப்ப எப்பத்தான் சார் கட்டலாம்? சும்மா சொல்லுங்க. விளைஞ்சாலும் கிடையாது, விளையலைன்னாலும் கிடையாது. எங்க நெல்லையும் தின்னுட்டீங்க."

"நெல்லைத் தின்னது நீலக்கோழி. அது பறவைப் பிரிவு" என்றார் ஹரிஷங்கர்.

வெளியே படியிறங்கும்போது அவர் பின்னாலேயே ஓடிவந்தார். வயலின் வரப்பு பலவீனமாக இருக்கிறது, அதைப் பலப்படுத்த மிஷன் ஏற்பாடு செய்திருக்கிறது, சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார். இசக்கிராஜா கையெழுத்துப் போட்டான். தாளை அவன் படித்துப் பார்க்கவில்லை.

டிசம்பர் தொடங்கியபோது முகமது இஸ்மாயிலின் ஆட்கள் கடையின் பலகையைக் கழற்றினார்கள். புருஷனும் மனைவியும் வேறு வாடகை வீடு தேடினார்கள். கிரைண்டர் சத்தத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. செல்வலட்சுமி ஒருநாள் தனியாக வயலைப் பார்த்துவரப் போனாள். திரும்பி வந்து, "எழுந்திரிங்க. நம்ம நிலத்துல வீடு கட்டியிருக்கான்" என்றாள்.

உண்மைதான். வரப்போடு சேர்த்து, லாரி லாரியாக மண்ணடித்து, இரண்டு அறை, ஓர் அடுக்களை, கக்கூஸ், தகரக் கூரை. வாசலில் பலகை: வயல் விளக்க மையம். வயலில் கட்டடம் கட்டுவது எவ்வளவு பெரிய கேடு என்பதைப் பொதுமக்களுக்கு விளக்குவதற்காக மிஷன் கட்டியது. வயலில் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது என்பதால், எல்லா ஆவணத்திலும் அது கூரையுடன் கூடிய வரப்பு என்று இருந்தது. பக்கத்து இறால் வயலின் காவல்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்று மத்தியானமே குட்டியானை வண்டி பிடித்து, கிரைண்டர், பாய், பாத்திரம், கேடயம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மறுநாள் ஜீப்பில் ஹரிஷங்கர் வந்தார். அடுக்களையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன அநியாயம் இது! யாரைக் கேட்டு இந்தக் கட்டடத்துல குடியேறினேள்?"

"எந்தக் கட்டடம் சார்?" என்றாள் செல்வலட்சுமி. "நான் என் வரப்புல நிக்கேன்."

ஹரிஷங்கர் பையிலிருந்து நோட்டீஸ் தாளை எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவேண்டுமானால் கட்டடம் என்று ஒன்று இருப்பதாக எழுதவேண்டும். எழுதினால் அதைக் கட்டியது யார் என்று கேள்வி வரும். அவர் வெளியே போய் நின்று நெடுநேரம் போனில் பேசினார். டிரைவர் அதற்குள் உள்ளே வந்து இரண்டு தோசை சாப்பிட்டார்.

மிஷன் யோசித்தது. பதினோரு பேர் யோசித்தால் ஒரு வழி கிடைக்காமல் போகாது. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இருவரும் அங்கேயே இருக்கலாம். குடியிருப்பவர்களாக அல்ல, காட்சிப் பொருளாக. பாரம்பரிய வயல் குடும்பம் என்று பலகையில் ஒரு வரி கூடியது. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை கதவும் ஜன்னலும் திறந்திருக்கவேண்டும். கிரைண்டரைச் சாக்கால் மூடிவிட்டு, வருகிறவர்கள் முன்னால் ஆட்டுக்கல்லில் அரைக்கவேண்டும். இசக்கிராஜா பாக்குமரப் பாளைத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்காரவேண்டும். செல்போன் பேசக்கூடாது.

"போயிருவோமா?" என்று இசக்கிராஜா கேட்டான்.

"எங்க?" என்றாள் அவள்.

போகவில்லை. அவன் தொப்பி போட்டுக்கொண்டான்.

ஜனவரியில் வடக்கேயிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. ஹரிஷங்கர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். மடை திறந்து உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. வயல் என்று காட்ட ஒன்றும் இல்லாததால் வயலின் படத்தைக் காட்டினார். குழுவில் ஓர் அம்மாள், வயதானவள், தமிழ் தெரிந்தவள், கூட்டத்தை விட்டு விலகி உள்ளே வந்தாள். சுருட்டி வைத்த பாயைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமியின் புறங்கை வியர்வையையும் பார்த்தாள்.

"எவ்வளவு தத்ரூபமா அமைச்சிருக்கா!" என்று வியந்தாள். வாசலுக்கு வந்து இசக்கிராஜாவின் முன்னால் குனிந்து, அன்பாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, நாள் முழுக்க இங்கேயே உக்காந்திருக்கியே, உன் வீடு எங்கப்பா இருக்கு?"

இசக்கிராஜா ஹரிஷங்கரைப் பார்த்தான். ஹரிஷங்கர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கேன்மா," என்றான். "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."